நாகூர் கனியின் வலது கணுக்கால்

பந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். என்னிடம் வருகிற பந்தை வந்த திசைக்கே ஓங்கி உதைத்து அனுப்பிவிடுவேன். பதிமூன்று வருஷம் இதைச் செய்து, அதில் ஒன்பது வருஷம் கேப்டன் என்ற பெயரும் வாங்கிவிட்டேன். அனுப்பிய பந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

நீங்கள் லீக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர். ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் பழையபடி வரம்பு வைக்கலாமா என்று விளாங்குடி வரை வந்து விசாரிக்கிறீர்கள். என்னைக் கேட்பதுதான் முறை. ஏனென்றால் அந்த வரம்பை எடுக்கச் சொல்லி எட்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் பேசியவன் இந்தத் தவசிதான்.

அப்போது ஓர் ஆட்டத்துக்கு எவருக்கும் மூன்று ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. எங்கள் அணிக்கு முதலாளி ஜவுளிக்கடை அப்துல் லத்தீப் ராவுத்தர். எனக்குச் சோறு போட்டது எலும்பு கட்டும் தொழில், அப்பாவிடம் கற்றது. மைதானத்தில் அடிபட்டவர்களுக்கும் நானே கட்டுப் போடுவேன். என் உதையில் விழுந்தவனுக்கு நானே கட்டுப் போட்டுக் கூலி வாங்கியதும் உண்டு.

நாகூர் கனி எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபது வயது. தெற்குவாசலில் தகரக்கடை வேலை. வெறுங்காலோடு வலது ஓரத்தில் ஓடுவான். அவனைத் தடுக்க வருகிறவர்கள் அவன் போன பிறகுதான் வந்து சேருவார்கள். முதல் ஆட்டத்திலேயே அவன் கையிலும் மூன்று ரூபாய் வைத்தார் ராவுத்தர். எனக்கும் அதே மூன்று. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வரம்பு போனால் கேப்டனின் மதிப்பு ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்குப் பத்து ரூபாய் என்று மனசுக்குள் முடிவும் செய்துகொண்டேன்.

கூட்டத்தில் பேச இரண்டு நாள் கண்ணாடி முன்னால் பழகினேன். "எங்க வேர்வைக்கு விலை வைக்க நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, கை தட்டுவதற்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். தட்டினார்கள். கனி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக இம்புட்டு பேசுனீங்களே அண்ணே" என்றான். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை.

தை மாதம் விதியை எடுத்தார்கள். ராவுத்தர் எங்களைக் கடைக்குக் கூப்பிட்டார். கனிக்குப் பன்னிரண்டு ரூபாய். அந்தப் பணம் வேறெங்கிருந்தும் வராது என்பதால் மற்றவர்களுக்கு இரண்டு. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தவசி, உனக்கு முப்பத்தாறு ஆச்சு. ஒண்ணரை வச்சுக்க. கேப்டன் பேரு உங்கிட்டயே இருக்கட்டும்."

என் வேர்வைக்குக் கடைத்தெருவில் அவ்வளவுதான் விலை. பேசி வாங்கியது நான் என்பதால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வரும் கூட்டம் இரண்டு மடங்கானது. இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் கூரை வீட்டுக்கு ஓடு போட்டார்கள். மறுபக்கம், ஒத்தக்கடை அணியில் நன்றாக ஆடிய மூன்று பேரை ஒரு மில் அணி விலைக்கு வாங்கிக்கொண்டது. மிச்சம் எட்டுப் பேர் அணியைக் கலைத்துவிட்டு எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆட்களோ கனிக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு ரூபாய்க்காரன் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். கேப்டன் என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும். அதையும் ஒன்றரை ரூபாயில் எதிர்பார்க்கிறார்களா என்று இருந்துவிட்டேன்.

அந்த மில் அணி கனியையும் கேட்டது. மாதம் நாற்பது ரூபாயில் வேலை. ஆட்டத்துக்குத் தனியாகப் பணம். சித்திரை முடிந்ததும் போகிறேன் என்று அவனே வந்து சொன்னான். அதற்குள் நடந்த ஓர் ஆட்டத்தில், தலையால் பந்தை முட்ட எம்பியவன் வலது கால் மடங்கி விழுந்தான். நான் அப்போது மைதானத்தின் அடுத்த கோடியில் நின்றேன். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் தாயார் சுல்தான் பீவி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். அங்கே மாவுக்கட்டுப் போடுவார்கள், உள்ளே வீங்கினால் காலையே எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். அப்படி ஒருவனுக்கு நடந்ததாக யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அந்த அம்மாள் மகனைப் பார்த்தார்.

"அண்ணன் கட்டுனாப் போதும்மா" என்றான் கனி.

குதிகாலைப் பிடித்து இழுத்தேன். எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அது விரலுக்குத் தெரியும். பிறகு பாதத்தை ஒரு விரற்கடை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். அப்படியே பிடித்துக்கொண்டு, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். அவன் துண்டைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தான். பொறுமைசாலி என்று பாராட்டினேன்.

ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தேன். எலும்பு இன்னும் கூடவில்லை. அரை நிமிஷ வேலையில் நேராக்கிவிடலாம். அவன் கால் என் மடியில் இருந்தது.

"மில்லுல பேசிட்டேன் அண்ணே" என்றான். "தவசி அண்ணனுக்கு டிரெய்னர் வேலை குடுத்தாத்தான் நான் வாரேன்னு சொன்னேன். மாசம் இருபது ரூவா. சரின்னுட்டாங்க."

நிதானமாக யோசித்தேன். கேப்டனாக இருந்தவன், நேற்று வந்தவனின் தயவில் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அவன் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பாதம் இருந்த கோணத்திலேயே மறு கட்டுப் போட்டேன். பதினெட்டாம் நாளும் அப்படியே. கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். நான் கோபக்காரன் இல்லை. மூன்று முறையும் கை நடுங்கவில்லை.

அவன் எழுந்து நடந்தபோது வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்தது. மில்லில் இரண்டு எட்டு நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். தகரக்கடைக்கே திரும்பினான். அடுத்த வருஷம் ராவுத்தர் அணியைக் கலைத்தார். ஒன்றரை ரூபாயும் நின்றது. எனக்கு இதில் லாபம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனிடம் வைத்தியக் கூலிகூட நான் வாங்கவில்லை. அதை அவன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறான். தெற்குவாசலில் யார் கை கால் ஒடித்துக்கொண்டாலும், அண்ணன் இல்லையென்றால் நான் நடந்திருக்கவே மாட்டேன் என்று சொல்லி இங்கே அனுப்பிவைக்கிறான். என் தொழில் பாதி அவனால் ஓடுகிறது.

ஆகவே வரம்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கருத்து. எல்லோருக்கும் ஒரே பணம் என்று இருந்தவரை யாருக்கும் கெடுதல் நினைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. விதியை எடுத்தார்கள், ஒரு பையனின் கால் போயிற்று.

போன மாதம் அவன் மகள் சபுரா படியில் விழுந்து முழங்கைக்குக் கீழே ஒடித்துக்கொண்டாள். ஐந்து வயது. தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி இங்கேதான் தூக்கிவந்தான். அரை நாள் உட்கார்ந்து கட்டினேன். டவுனுக்குப் போகும்போது தகரக்கடையில் இறங்கி அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கள். எங்கே ஒடிந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கெட்டவன் கை அப்படிக் கட்டுமா என்று.