இதவிடக் கனமா இருக்கா?

இல்ல தம்பி, இதுவும் லேசாதான் இருக்கு. ஒரு கையிலயே வந்துடுச்சு பாருங்க. இதவிடக் கனமா ஒரு லேப்டாப்பு காட்டுங்களேன். தெரியும், எல்லாரும் லேசாதான் கேப்பாங்க. எனக்குக் கனமாதான் வேணும். அப்புறம், அத இங்கயே எடுத்துட்டு வாங்க, நான் இந்தப் படிக்கட்டுப் பக்கமே நின்னுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. கடைய ஏன் இப்படித் தரைக்கடியில வச்சிருக்கீங்க? நீங்க இந்த அல்மாட்டி ஊர்தானா? ஷிம்கென்ட் ஊரா. இந்த மே மாசந்தான் வந்தீங்களா. அதான் இங்க நிம்மதியா உக்காந்திருக்கீங்க.

எனக்கில்ல, வீட்டுக்காரருக்கு. ஒல்ஜாஸ்னு பேரு. கல்யாண வீடியோவெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாரு, வீட்ல உக்காந்தே. நம்ம கல்யாணம்தான் தெரியுமே, ஒவ்வொரு சித்தப்பாவும் மைக்கப் பிடிச்சா விடமாட்டாங்க, அத்தன வாழ்த்தையும் இவருதான் முழுசா கேக்கணும், பாவம். அடுத்த வாரம் பிறந்தநாள் வருது. அவருக்குத் தெரியாம வாங்கி வச்சுடலாம்னு வந்தேன். அவரக் கூட்டிட்டு வந்தா அந்தா அங்க இருக்கே, அப்பளம் மாதிரி ஒண்ணு, அதத்தான் கை காட்டுவாரு.

பழசுக்கு ஒண்ணும் கோளாறு இல்ல. நல்லாத்தான் ஓடுது. லேசா இருக்கு, அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. விஷயம் என்னன்னா, திங்கக்கிழமையிலேருந்து நான் திரும்ப வேலைக்குப் போறேன். பல் ஆஸ்பத்திரியில வரவேற்புல உக்காருவேன். பாப்பாவுக்குப் பத்து மாசம் ஆகுது, ஐஸரேன்னு பேரு. அவளும் அவங்கப்பாவும் மட்டுந்தான் வீட்ல. ஒம்பதாவது மாடி. அதான் எனக்குப் பயம். எதுக்கா? பூகம்பத்துக்குத்தான், வேற எதுக்கு. மார்ச்சு மாசம் வந்துச்சே, அது ஒண்ணும் பெருசு இல்லன்னு டிவியில சொன்னாங்க. அவங்க தரைத் தளத்துல இருந்து சொல்லியிருப்பாங்க.

இப்பல்லாம் நான் தலைக்குக் குளிக்கிறதே கதவத் தெறந்து வச்சுக்கிட்டுதான். தூங்குறப்பவும் காலுறைய கழட்டுறதில்ல. வாசல்ல ஒரு பை இருக்கு, பாஸ்போர்ட்டு, தண்ணி, பிஸ்கட்டு, பாப்பா துணி. எங்க மாடியில எல்லா வாசல்லயும் இருக்கு, இது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா பாப்பா தூங்குறது பெசிக் தொட்டில்லதான். மாமியார் டல்டிகுர்கான்லேருந்து பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தாங்க. உங்களுக்குத் தெரியாததா, கைகால அசைக்காம அகலப் பட்டி போட்டுக் கட்டி, மேல போர்வ மேல போர்வயா ஏழு போடணும். பிள்ள சொகமா தூங்கும். அவுத்து வெளிய எடுக்கிறதுக்குள்ளதான் போதும் போதும்னு ஆயிடும்.

தம்பி, அந்த விளக்கு ஆடுதா? உங்க தலைக்கு மேல இருக்கே, அது. நல்லாப் பாருங்க. லாரியா. நெஜமாவே லாரிதானா. சரி. இருங்க, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன். தண்ணியெல்லாம் வேணாம்.

ம், இது என்னது? கேம் ஆடுற பசங்க வாங்குறதா. தூக்கிப் பாக்கட்டுமா? அம்மாடியோ. இப்பச் சொன்னீங்க பாருங்க. ரெண்டு கையும் கொடுத்தாத்தான் வருது. இதுக்குத்தான் இவ்வளவு நேரமா அலைஞ்சேன். இது என்ன, சார்ஜரா? செங்கல்லு மாதிரி இருக்கே. இதுவும் எப்பவும் கூடவே மாட்டியிருக்கணுமா? பேட்டரி ஒரு மணி நேரங்கூட நிக்காதா? நல்லது தம்பி, ரொம்ப நல்லது. ஏன் முழிக்கிறீங்க, நீங்க குறைய சொல்லியும் வாங்குறேன், சந்தோஷப்படுங்க.

பக்கத்துல இந்த ஓட்டை எதுக்கு? சங்கிலி போட்டு மேசையோட பூட்டுறதுக்கா. அந்தச் சங்கிலி தனியா விப்பீங்களா? அதையும் வையுங்க. வீட்டுக்குள்ள திருடனெல்லாம் வரமாட்டான். சரி, திருட்டுப் பயம்னே வச்சுக்கோங்களேன்.

இன்னொண்ணு கேக்கணும், இதுதான் முக்கியம். உள்ள இருக்கிற வீடியோவெல்லாம் தானா நெட்டுல ஏறிடுற மாதிரி செஞ்சு தர முடியுமா? அவரு ஒண்ணும் அமுக்காமலேயே ஏறணும். இந்தப் பொட்டி நொறுங்கிப் போனாலும் கல்யாணங்க பத்திரமா இருக்குமா? வேற எங்கயாவது திரும்ப எடுத்துக்கலாமா? நிச்சயமா? அப்போ அத நீங்களே இப்பவே போட்டுடுங்க, ஒரு காயிதத்துல கொட்ட எழுத்துல எழுதியும் கொடுங்க, எல்லாம் பத்திரம், எதையும் தூக்க வேணாம்னு. மேசைக்கு மேல ஒட்டப் போறேன். மாசாமாசம் கட்டணுமா? கட்டிடறேன்.

வேகமா? வேகத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்க சொன்னா சரி. கலரும் எதுவா இருந்தாலும் பரவால்ல.

அய்யோ, பையெல்லாம் வேணாம். ஃப்ரீயா இருந்தாலும் வேணாம். உள்ள எடுத்து வச்சிடுங்க அத. ரெண்டு பட்ட வச்சுத் தச்சிருக்கான் பாருங்க, முதுகுல மாட்டிட்டா எவ்வளவு கனமும் தெரியாது, ஓடிடலாம். அட்டப் பொட்டியிலயே கொடுங்க, நான் டாக்ஸியில போயிக்கிறேன்.

ஏனா. என்னத்தச் சொல்ல.

நல்ல மனுஷன் தம்பி அவரு. அத மொதல்ல சொல்லிடறேன். பாப்பாவுக்கு மூக்கு அடைச்சா ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டு நடப்பாரு. மார்ச்சுல அது வந்தப்போ நான் கீழ கடையில கேஃபிர் மோரு வாங்கிக்கிட்டு இருந்தேன். காலையில. அலமாரி பாட்டிலெல்லாம் கலகலன்னு ஆடுது, வெளிய ஓடி வந்தா கட்டடத்து ஜனமே முற்றத்துக்கு வந்துட்டுருக்கு, ஒருத்தர் சோப்பு நுரையோட, ஒருத்தர் பூனையோட. லிஃப்ட்டு நின்னுருச்சு. நான் வாசலயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒல்ஜாஸ் வந்தாரு. கால்ல செருப்பில்ல, கோட்டுக்குள்ள நெஞ்சோட அணைச்சு, குளிர் படாம ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. எனக்கு உசுரே வந்துச்சு. ஓடிப் போயி கோட்டத் தெறந்தேன். லேப்டாப்பு.

அவருக்கும் அப்பத்தான் தெரியும் தம்பி. குனிஞ்சு பாத்தாரே, அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கல. தொட்டில் பட்டி முடிச்சு அவுறல, பக்கத்துல இது இருந்துச்சுன்னாரு. ஒரே ஒரு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் அவரும் அதப் பேசல, நானும் பேசல. பயந்தா கை எதத் தூக்கும்னு யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாது.

பாப்பாவா? நாந்தான் ஓடினேன், ஒம்பது மாடி. எதிர்ல எல்லாரும் இறங்குறாங்க, நான் மட்டும் ஏறுறேன். உள்ள போயி ஏழு போர்வையையும் பிச்சு எறிஞ்சேன். தூங்கிக்கிட்டு இருந்தா. பூமியே தொட்டில ஆட்டிவிட்டிருக்கு, கழுதைக்கு நல்ல தூக்கம்.

இப்பல்லாம் ஒரே இழுப்புல அவுறுற மாதிரிதான் முடிச்சு போடுறேன். அத அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன், கண்ண மூடிக்கிட்டே அவுக்கிறாரு. இருந்தாலும் பயமா இருக்கு.

பில்லப் போடுங்க தம்பி. ஏன் நிக்கிறீங்க? பொட்டிக்குள்ள அந்தப் பைய வச்சுடாதீங்க, மறந்தும்.