டிக்கிக்குள் டார்ச்சோடு ஒருவர்

காருக்குள் தண்ணீர் வந்தால் ஆட்கள் முதலில் மழையைத்தான் திட்டுவார்கள். அது தப்பு. மழை தன் பாட்டுக்குப் பெய்கிறது. அதற்கு வழி விட்டது யார் என்றுதான் பார்க்க வேண்டும். பதினாறு வருஷமாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் எனக்குப் பெயரே ‘ஒழுகல்’தான். அவசரமில்லாமல் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் சார். அத்தான் கொடுத்திருக்கிற புகாரில் பொய் எதுவும் இல்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். எல்லாம் தெரிந்தவர், அது ஒன்றுதான் குறை. பல் டாக்டரிடம் போனால் எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று இவர் சொல்லிக்கொடுப்பார். நான் போல்ட் முடுக்கினால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அப்படியில்ல மாப்ளே, மணிக்கட்டைத் திருப்பு" என்பார். நானும் சிரித்துக்கொண்டே திருப்புவேன். எனக்குப் பொறுமை ஜாஸ்தி.

அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டாள். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி போகிறேன் என்றபோது அத்தான் தடுக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கூடவே போனார். இரண்டு இடத்தில் இன்டர்வியூ. இரண்டிலும் இவரும் உள்ளே போய் உட்கார்ந்து, அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் இவரே பதில் சொன்னாராம். இரண்டாவது இடத்தில், மைக்ரோஸ்கோப்பைத் தப்பான மேஜையில் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்கே வகுப்பு எடுத்துவிட்டு வந்தாராம். மூன்றாவதாகக் கூப்பிட்டது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நாற்பது வயது முடிந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு அடுத்த மாதம் முடிகிறது.

"இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்டா, நான் அடுப்படியோட சரி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அந்த வாரமே பிரேக் பார்க்கச் சொல்லி அத்தான் காரை விட்டுவிட்டுப் போனார். பிரேக்கைச் சுத்தமாகச் செய்தேன். அதிலெல்லாம் நான் விளையாட மாட்டேன், அக்காவும் அதில்தானே போகிறாள். பிறகு பின்விளக்கைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கிற ரப்பரில் பிளேடால் நான்கு அங்குலம் கீறிவிட்டு, பழையபடி மாட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் காரைச் செய்த கம்பெனிக்கே தெரியாது.

இரண்டு மழை போதும். ஸ்டெப்னி குழியில் தண்ணீர் தேங்கி, டிக்கியைத் திறந்தால் ஊறிய சாக்கு நாற்றம். அத்தான் முதலில் தானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒரு ட்யூப் பசையை வாங்கி, டிக்கி மூடியின் ஓரமெல்லாம் பூசிவிட்டார். மூடி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திறந்து கொடுக்கத்தான் என்னிடம் வந்தார். திறந்து, பசையைச் சுரண்டிக்கொடுத்துவிட்டு, "ஒழுகலை டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும் அத்தான். சனிக்கிழமை காலைல வாங்க, அரைமணி நேர வேலை" என்றேன்.

"அன்னைக்குப் பத்தரைக்குத்தான் உங்கக்காவுக்கு இன்டர்வியூ. போற வழியில முடிச்சிரலாம்" என்றார். எனக்கும் அது தெரியும். சனிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பதும் தெரியும்.

டிக்கி ஒழுகலைக் கண்டுபிடிக்க உருப்படியான வழி ஒன்றுதான் சார். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுக்க வேண்டும். மூடியைச் சாத்திவிட்டு, இன்னொருவர் வெளியே குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். எடுத்ததும் மேலே அடித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே நுழைகிறது என்று பிடிபடாது. துளி வருகிற இடத்தைப் பார்த்து உள்ளே இருப்பவர் குரல் கொடுப்பார். வழக்கமாக நான்தான் படுப்பேன். அன்றும் படுக்கத்தான் சட்டையைக் கழற்றினேன். "உனக்கு என்ன தெரியும், நகரு, நான் பாக்கறேன்" என்று டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். அவராகத்தான் ஏறினார். இதை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

"போன் நனைஞ்சிடும் அத்தான், இப்படிக் குடுங்க" என்றேன். கொடுத்தார். பழைய கார், உள்ளிருந்து திறக்க முடியாது. பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே முழுத் தகடு. மூடியைச் சாத்தியபோது மணி ஒன்பதே முக்கால்.

அக்கா மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அத்தான் வர நேரமாகும்போல இருக்கு. நீ பஸ்ல முன்னாடி போக்கா" என்றேன். "சீக்கிரம் அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளை இதில் இழுக்காதீர்கள்.

முதல் அரைமணி நேரம் அத்தான் பிரமாதமாக வேலை செய்தார். "வருது மாப்ளே, இடது விளக்குக்குப் பின்னாடி" என்று என் கீறலை அச்சு அசலாகப் பிடித்துவிட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. "சரி, திற" என்றார்.

"பூட்டு மாட்டிக்கிச்சு அத்தான்" என்றேன். சாவி என் பேன்ட் பையில் இருந்தது.

உடனே பாடம் ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், சுத்தியலால் எத்தனை விரல் தள்ளித் தட்ட வேண்டும் என்றெல்லாம் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "சாய்ச்சிட்டேன் அத்தான்", "தட்டிட்டேன் அத்தான்" என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பதில் சொன்னேன். மூச்சு முட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். பம்பருக்குப் பின்னால் காற்றுத் துவாரம் இருக்கிறது. தண்ணீர் தேங்காமல் இருக்க ஸ்டெப்னி குழியின் அடைப்பானையும் முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

"மணி என்னடா?"

"பத்தரை அத்தான்."

"அவ தனியாப் போய் என்னடா பேசுவா? அவளுக்கு ஒரு வார்த்தை வராதுடா."

"கேட்டா சொல்லுவா அத்தான். அவளைத்தானே கேக்கப் போறாங்க" என்றேன். அப்போது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு தட்டினார், திட்டினார், கடைசியில் கெஞ்சினார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் அடித்தால் உள்ளே இருப்பவர் குரல் அவ்வளவாகக் கேட்காது.

பதினொன்றே முக்காலுக்கு அக்கா போன் பண்ணினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கிடைச்சிருச்சுடா. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. நானே பேசினேன்டா, எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. "அவர்கிட்ட போனைக் குடு, நானே சொல்றேன்" என்றாள்.

"அத்தான் வேலையா இருக்கார்க்கா. நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

டிக்கியைத் திறந்தது நாலு மணிக்கு. நடுவில் சாப்பிட்டேன். மூடி மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், நிழல் அங்கேதான் இருந்தது. அவர் தட்டும்போதெல்லாம் எழுந்து, கீழிருந்து மேலாக ஒரு சுற்று தண்ணீர் அடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். திறந்தபோது அவரால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. டார்ச் எப்போதோ அணைந்திருந்தது, விரல்கள் அதை விடவில்லை. தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "சார், நான் போகலாமா?" என்று கேட்டார்.

இருட்டில் தனியாக இருக்க இப்போது அவரால் முடியவில்லையாம். பகலிலும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டிய அக்கா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இன்று வியாழன். ஆஸ்பத்திரியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். என்னோடு அவள் பேசுவதில்லை.

பதினொன்றே முக்காலிலிருந்து நாலு மணி வரை எதற்கு என்று நீங்களும் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அதையும் அக்காவுக்காகத்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார்.