நெப்டியூனும் நீலக் குடமும்

பல்லாவரத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த ஒரு காலை. வெயிலில் குடங்கள் வரிசையாக நின்றன, நாங்கள் சுவரோர நிழலில் உட்கார்ந்திருந்தோம். லாரி வரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. எழுந்து போகவும் மனமில்லை. என் பக்கத்தில் இருந்த பெண் பேப்பரை விரித்து, அடுத்தவளிடம் காட்டினாள்.

"இந்த ராக்கெட்டு பன்னெண்டு வருஷமா வானத்துல போய்க்கினே கீதாம்க்கா. இப்பதான் நெப்டியூன் கிட்ட போய் போட்டோ அனுப்பிகீது."

"உள்ள யாரு கீறாங்க?"

"யாருமில்லக்கா. வெறும் மெஷினு."

"அப்ப நம்ம குடம் மாரிதான். ரெண்டு நாளா எனக்கு பதிலா அதான் நிக்குது."

"இது நிக்காதுக்கா. இன்னும் தூரமா போய்க்கினே இருக்குமாம். திரும்பி வராதாம்."

"அங்க தண்ணி கீதா?"

"ஒரு நிலாவுல ஐஸ் கீதாம்."

தோல் கம்பெனியில் சங்கு ஊதியது. அக்கா வேலைக்குப் போக முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வரிசையில் நான்காவதாக நின்ற தன் நீலக் குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லாரி வந்தா ரொப்பி வை. வரலேன்னாலும் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடாத. இவ்ளோ தூரம் முன்னாடி வந்துட்டுகீது."