கோப்பு ஒரு வழி, சாவி ஒரு வழி

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் தேவசகாயம் ஐயாவின் துணைவியார் அவர்களே, நாவலூர் அலுவலகத் தோழர்களே!

நான்கு ஆண்டுகள் நான் முகம் கொடுத்துப் பேசாத ஒருவரைப் பற்றி அவருடைய அஞ்சலிக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள்.

வெளிநாட்டு மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து அனுப்புவது நம் தொழில். அனுப்பும் பிரிவின் தலைவர் தேவசகாயம் ஐயா வைத்த விதி ஒன்றுதான். கோப்பைப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ‘வந்துவிட்டது’ என்று பெறுபவர் வாயால் சொன்ன பிறகே, தொலைபேசியில் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை கேலி!

“இன்னா சார், ரெண்டையும் ஒண்ணா அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது. இது ஒரே பேஜாரு!” என்பார் நம் மணி.

“வூட்டப் பூட்டிட்டு சாவிய கதவுலயே மாட்டிட்டுப் போவியா மணி? போன போடு!” என்பார் ஐயா.

2005இல் ஒரு வெள்ளிக்கிழமை. முகவரிப் பட்டியலில் ஒரே மாதிரி இரண்டு பெயர்கள். அவசரத்தில் நான் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இரண்டாயிரம் நோயாளிகளின் குறிப்புகள் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டன. கண்டுபிடித்தது எது? அந்தத் தொலைபேசி அழைப்பு! மருத்துவமனைக்காரர் ‘எதுவும் வரவில்லையே’ என்றார். சாவி நம்மிடமே இருந்தது. போனது திறக்க முடியாத பெட்டி.

நடந்ததை மருத்துவமனைக்கு எழுத உட்கார்ந்தார் ஐயா. நான் கெஞ்சினேன்.

“அண்ணாத்த, என் பேர மட்டும் வுட்ருங்க.”

“பாதிய மறைச்சா மீதியையும் நம்ப மாட்டான்பா.”

எழுதினார். என் பதவி உயர்வு போயிற்று; அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டேன். ஆனால், தவறை நாமே சொன்னதால் மருத்துவமனை ஒப்பந்தத்தை நீட்டித்தது. இருநூறு பேரின் வேலை பிழைத்தது. அதற்கான கேடயத்தை வாங்கியவர் ஐயாவா? இல்லை! வாங்கிய நிர்வாகத்தார் இதோ, மேடையில் இருக்கிறார்கள். நான் அதை மறக்கவில்லை.

என்னையும் விட்டுவைக்க மாட்டேன். மூன்று மாதம் அவர் சதுரங்கப்பட்டினத்தில் நோயில் கிடந்தார். ஒரு பேருந்துப் பயணம்தான். நான் போகவில்லை.

அவர் மறைந்த ஒன்பதாம் நாள் சுற்றறிக்கை வருகிறது: நேரம் வீணாகிறதாம், திங்கள் முதல் தொலைபேசியில் கேட்க வேண்டாமாம்! இதுவா அவருக்கு அஞ்சலி?

இயக்குநர் அவர்களே, திங்களன்றும் நான் தொலைபேசியை எடுப்பேன். மறுமுனையில் குரல் கேட்காமல் என் மேசையிலிருந்து ஒரு கடவுச்சொல்லும் போகாது. விதியை மீறியவர் யார் என்று தேட வேண்டாம். சுற்றறிக்கையின் அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் அறையில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.