இரைச்சல் போன ஆம்ப்ளிஃபயர்

“அந்த இரைச்சலை நிறுத்துங்க. இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்.”

“கிளம்பேன். அங்க என் சகலையோட குறட்டை இருக்கு. இதுக்கு என் ஆம்ப்ளியே தேவலைன்னு மறுநாளே வந்து நிப்ப.”

“அவர் குறட்டையைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்கல. சனிக்கிழமை அந்தப் பேண்டுக்காரங்க முன்னாடி இது இப்படி ஊளையிட்டா, உங்களை யாரு சேத்துக்குவா?”

பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. சுவர் மெல்லியது, அவர்கள் குரல் பெரியது. நான் செய்ததெல்லாம் என் வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்ததுதான்.

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் வேலை மேசை. வீட்டில் வேறு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜன்னலோரம் வெளிச்சம்கூட நன்றாக வரும்.

அவர் வாசித்தது பெடல் ஸ்டீல் கிதார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலு கால் வைத்த நீளமான பலகை, மேலே கம்பிகள், கீழே பெடல்கள். தெருவில் எல்லோரும் அதை இஸ்திரி மேசை என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். அதன் முன் உட்கார்ந்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்டி, பாதத்தால் பெடலை மிதித்து, முழங்காலால் நெம்புகோலை இடிக்க வேண்டும். வாசிக்கிறாரா, கொசுக்கடியில் நெளிகிறாரா என்று தெரியாது. ஆனால் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிவிட்டு, கரகரவென்று ராக் வாசிக்கும்போது நானே கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவேன். அதை மறைக்க மாட்டேன்.

வாசிப்பு முடிந்தால் சண்டை. சண்டை முடிந்தால் சிரிப்பு. எல்லாம் எனக்குத் தெரியும். காலையில் மாடி வீட்டு அக்கா காய்கறிப் பையோடு என் வாசலில் நின்று, “நேத்து என்னப்பா விசேஷம்?” என்பார். நான் சொல்வேன். கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத்தான் சொல்வேன். என்னை ஒரு மனிதன் என்று மதித்துப் பேசியவர்கள் எல்லோரும் அந்த இருவரைப் பற்றிக் கேட்கத்தான் நின்றார்கள்.

இந்த நிலையில்தான் பெரிய பேண்டு ஒன்று அவரைக் கூப்பிட்டது. சனிக்கிழமை மேடையில் பிடித்துப்போனால் நிரந்தர இடம். வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் போய்விடுவார்கள். இதையும் சுவர்தான் சொன்னது. நேரில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆம்ப்ளிஃபயரை இருவரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணா, இந்த இரைச்சல் மட்டும் போயிட்டா போதும்,” என்றாள் அவள்.

“போயிடும்மா.”

“இவரோட வாய்க்கும் ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுங்க.”

“உனக்கு வெச்சா ஃப்யூஸே போயிடும்,” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு, மின்சாரம் இரும்புக் கூட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி அதை வாங்கித் தரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது; இரைச்சல் அதனால்தான். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது சரியான வேலை. குறுக்கு வழியும் உண்டு. கிதார்காரர்கள் பாதிப் பேர் செய்கிற முட்டாள்தனம்: எர்த் கம்பியை நறுக்கிவிடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும். கசிவு நிற்காது; தரைக்குப் போக வழியில்லாமல் கூட்டிலிருந்து கிதார் கம்பிவரை வந்து காத்திருக்கும்.

நறுக்கினேன். நின்றது. கேட்டதைத்தானே செய்தேன்.

வீட்டில் வாசித்துப் பார்த்து, “அண்ணா, கை இல்ல இது, மந்திரக்கோல்,” என்று சுவரைத் தட்டிச் சொன்னார். வீட்டில் அவருக்கு மைக் கிடையாது. மேடையில் உண்டு. கை, கால், முழங்கால் எல்லாம் வேலையாக இருக்கிற ஆளுக்கு மிச்சம் இருப்பது வாய்தான். நகர முடியாததால் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துத்தான் பாடுவார். மைக்குக்கு எர்த் இருக்கும். கையில் கம்பி, வாயில் மைக்.

விரலில் சுருக்கென்று ஒரு கடி, ஒரு பாட்டு கெடும், பேண்டுக்காரர்கள் வேறு ஆள் பார்ப்பார்கள், இவர்கள் இங்கேயே இருப்பார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். அது காட்டியது சுருக்கென்ற கடி இல்லை. மீட்டரில் தப்பிருக்குமோ என்று வேறொரு மீட்டரிலும் பார்த்தேன். நான் அரைகுறை வேலைக்காரன் இல்லை.

மேடையில் சாமான்களை மாட்டி, மைக்கில் பேசிப் பார்ப்பது எப்போதும் அவள். அவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காத கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கம்பியைத் தொட மாட்டாள். தொட்டால் அவருக்குப் பிடிக்காது. அதைப் பற்றியே ஒரு சண்டை கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை முன்வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். முதல் பாட்டில் அவர் குரல் சேர வேண்டிய இடம் வந்தது. அவர் குனிந்தார். குரல் வரவில்லை. ஒரே ஸ்வரம் மட்டும் நீண்டுகொண்டே போனது, இரைச்சலே இல்லாமல், அவ்வளவு சுத்தமாக. அது வாசிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியவள் அவள்தான். அதற்குள் அவர் உயிர் போயிருந்தது.

உங்கள் ஆட்கள் திறந்து பார்த்துவிட்டு, “இவங்களே எர்த்தை வெட்டிக்குவாங்க, வழக்கம்தான்,” என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவளும் நம்பினாள். என்னிடம் கொடுத்து வாங்கிய பிறகும் மனம் ஆறாமல் அவரே ஏதோ நோண்டியிருக்கிறார் என்று நினைத்தாள். “நான்தான் இரைச்சல் இரைச்சல்னு நச்சரிச்சேன்,” என்று தன் அக்காவிடம் அழுதது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. காபி கொண்டுபோய்க் கொடுத்து, “உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா,” என்று சொன்னேன். அது உண்மைதானே. சொல்லும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பேண்டின் டிரம்ஸ்காரர் வந்துபோக ஆரம்பித்தார். மேடையில் அவ்வளவு அடி அடிக்கிற ஆள், வீட்டில் இப்படி மெதுவாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அவளும் அவரோடு சேர்ந்து மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள். சுவரில் டம்ளரை வைத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அவர்கள் கல்யாணம் பதிவு ஆபீசில் நடந்தது என்பதே மாடி வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன மாதம் லாரி வந்து நின்றது, சாமான் ஏறியது, போய்விட்டார்கள். எந்த ஊர் என்று அக்காவைக் கேட்டால், “உனக்கெதுக்குப்பா?” என்கிறார்.

நான் சொன்னதையெல்லாம் அவளுக்குத் தெரிவிக்க நீங்கள் ஆள் அனுப்பத்தான் வேண்டும், ஐயா. எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அவளைப் பற்றி அக்கறையாக விசாரிக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.