நாப்பது வரைக்கும் எண்ணு

ஹலோ… ஹலோ, டாக்டரம்மாவா பேசுறது? நான் லிஃப்ட்டுக்காரன் பேசுறேன், ஆஸ்பத்திரி ஒம்பதாவது மாடியிலேர்ந்து. அப்பாயின்ட்மென்ட் கெடைக்குமா? … ஏன்டி, அப்பன் ஜோக்கடிச்சா சிரிக்கக்கூட மாட்டியா? … சரி சரி. சாப்பிட்டியா? … என்ன, காத்து சத்தம் இப்படி அடிக்குது? எங்க நிக்கிற? … மொட்டை மாடியா? இந்த வெயில்லயா? … ஓ, துணி எடுக்கவா. சித்தி நல்லா வேல வாங்குறா போல. வாங்கட்டும் வாங்கட்டும், இன்னும் எத்தன நாளைக்கு வாங்குவா.

இரு, ஸ்டூல எடுத்து கதவுக்கு நடுவுல வெச்சுக்கறேன். … ஆமா, கதவு மூடிக்கிச்சுன்னா லைன் போயிடும்ல, உனக்குத் தெரியாததா. … சாப்பாட்டு நேரம்தான். பத்து நிமிஷம் எவனும் கேக்க மாட்டான். பக்கத்து லிஃப்ட் ஓடிட்டுதான் இருக்கு.

விஷயத்துக்கு வரேன். ஆன்சர் வந்துடுச்சுடி! … ஆமா, மெடிக்கல் என்ட்ரன்ஸ் ஆன்சர்தான், பின்ன வேறென்ன. காலையில எக்ஸ்ரே ரூம் அக்கா பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. நீ வீட்டுல விட்டுட்டுப் போனியே உன் கொஸ்டின் பேப்பர், அத ஒரு மாசமா டிபன் பையிலயே வெச்சு சுத்திட்டு இருக்கேன். … கசங்கல, கசங்கல. கவர் போட்டிருக்கேன். நீ டிக் போட்டதையும் இவங்க குடுத்த ஆன்சரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒண்ணொண்ணா பாத்தேன். ஏறும்போது நாலு கேள்வி, எறங்கும்போது நாலு கேள்வி. … நூத்தி எண்பதும்தான்! ரெண்டு தடவ பாத்தேன். எத்தன சரின்னு சொல்லட்டுமா? … சொல்லிடட்டுமா? … நூத்தி அறுபத்தி நாலு!

ஹலோ? … கேக்குதா? நூத்தி அறுபத்தி நாலு! பதினஞ்சு தப்பு, ஒண்ணே ஒண்ணு எழுதாம விட்டிருக்க. கண் டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? இது போதும்யா, சீட்டு உறுதின்னாரு. முதுகுல தட்டினாரு. இந்த லிஃப்ட்டுல வர டாக்டருங்க அத்தன பேருகிட்டயும் உன் சந்தேகத்த கேட்டு கேட்டு, உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்து ஃபோன்ல சொன்னேனே, வீண் போகலடி. அந்த கிட்னி டாக்டர் என்னப் பாத்தாலே படியில எறங்கிப் போவாரு, பாவம்…

என்ன சத்தம் அது? … அழறியா? … அட லூசு. இதுக்குப் போயி யாராவது… … என்ன? … இல்ல, புரியல. மெதுவா சொல்லு. … எந்தப் பேப்பர்? … ஆமா, டிக் போட்டது இதுல. வட்டத்துக்குள்ள கருப்படிச்சது வேற தாள்ல. தெரியும், அது அவங்ககிட்ட இருக்கு. … அதையும் போட்டோ புடிச்சு போட்டிருக்காங்களா? பாத்தியா? … ம். … ம். … அறுபத்திரெண்டாவது கேள்விய விட்ட. ஆமா, இங்கயும் டிக் இல்ல. … கேள்விய விட்ட, வட்டத்த விடல. … அப்படின்னா? … அறுபத்தி மூணோட பதில, அறுபத்திரெண்டோட வட்டத்துல. … அறுபத்தி நாலோட பதில, அறுபத்தி மூணுல. …

கடைசி வரைக்குமா?

… நூத்தி எண்பது வரைக்குமா?

… இரு. இரும்மா. உக்காந்துக்கறேன். ஸ்டூல் கதவுல இருக்கு. பரவால்ல, தரையிலயே உக்காந்துக்கறேன்.

மெஷின்தான் திருத்துதா? … மனுஷன் யாருமே பாக்க மாட்டானா? பாத்தா புரியுமே, ஒரு வரி நகந்திருக்குன்னு. இந்தா, கொஸ்டின் பேப்பர் என் கையில இருக்கு. இத எடுத்துட்டுப் போயி காட்டுறேன். எங்க போகணும் சொல்லு, லீவு போட்டுட்டுப் போறேன். … கேக்க மாட்டாங்களா. … விசாரிச்சியா? … ம். … ம். சரி.

எப்பம்மா தெரிஞ்சுது? இன்னிக்குக் காலையிலயா? … என்ன? … அன்னிக்கேவா? … ஹால்லயேவா. … கடைசி கேள்விக்கு பதில் போட்டுட்டுப் பாத்தா, ஒரு வட்டம் மீதி. … அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. … பேனா. அழிக்க முடியாது. … வேற தாள் கேட்டியா? … தர மாட்டேன்னுட்டாங்க.

அப்ப ஒரு மாசமா உனக்குத் தெரியும்.

நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்ல, மத்த அப்பன் ஆத்தாளோட. நீதான் கடைசியா வந்த. எப்படிம்மா எழுதினன்னு கேட்டேன். சிரிச்சியே. சூப்பர்ப்பான்னு சொன்னியே. நான் அத நம்பிக்கிட்டு, பஸ்ஸுல முன் சீட்டு ஆளுகிட்ட, கண்டக்டர்கிட்ட… … ஆமா, அந்தாளு எறங்கற வரைக்கும் உன் பேச்சுதான். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்த. களைச்சுப் போயி தூங்குதுன்னு நெனச்சேன். பைய என் மடியில வெச்சுக்கிட்டேன். … தூங்கலையா.

அதான் மறுநாளே சித்தி வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினியா? … வீட்டுல என் மூஞ்சியப் பாக்க முடியலன்னா… ஐயோ, கண்ணு. ஒரு மாசம் இத ஒத்தையா வெச்சுக்கிட்டா இருந்த?

… அது ஒண்ணுமில்ல, கீழேர்ந்து மணி அடிக்கிறாங்க. அடிக்கட்டும்.

அந்த அறுபத்திரெண்ட ஏன் விட்ட? … தெரியல, அதனால விட்டுட்ட. … அப்படி பண்ணச் சொன்னது நான்தானே. … நான்தான்டி! உள்ள போறதுக்கு முன்னாடி உன் தலைய தடவிக்கிட்டு, தெரியலன்னா மல்லுக்கட்டாத, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ, தப்பா போட்டா மார்க்க கொறைப்பான்னு… பெரிய படிச்சவன் மாதிரி. எவனோ டாக்டர் சொன்னத அப்படியே வந்து ஒப்பிச்சேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, எதையாவது ஒண்ண போட்டிருப்ப… … இல்ல, நீ சும்மா இரு. உன் மேல… … சரி. சரி, சொல்லல. சொல்ல மாட்டேன். அழாத.

… ம். … அழு. பரவால்ல.

கண்ணு, துணி எடுத்தாச்சா? … துணியே இல்லையா? … காலையிலயே சித்தி எடுத்துட்டாளா. … பின்ன நீ எதுக்கு மாடிக்கு வந்த?

…

எதுக்கும்மா வந்த?

… ஹலோ. பேசு. ஏதாவது பேசு. … சும்மாவா. … சரி, சும்மா. சுவர் பக்கமா நிக்கிற? …

பாப்பா, அப்பா சொல்றத கேளு. எனக்கு பயமா இருக்கு. ஃபோன ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன். என்ன பயந்தாங்கொள்ளின்னே வெச்சுக்கோ. எனக்காக அந்தச் சுவர விட்டு நகரு. படிக்கதவுக்கு வா. ஃபோன வெக்காத, நடந்துக்கிட்டே பேசு. … நட. … எனக்குக் கேக்கணும், செருப்பு சத்தம். … ஆங். … கதவு தொறந்திருக்கா? … உள்ள வந்துட்டியா? … காத்து சத்தம் நின்னுடுச்சு. நல்லது. நல்லது கண்ணு. கதவ சாத்து. கேட்டுச்சு. சாத்தின சத்தம் கேட்டுச்சு.

… இல்ல டாக்டர், இப்ப லிஃப்ட் போகாது. … தெரியும் டாக்டர், கீழ கத்துறாங்கன்னு தெரியும். பக்கத்து லிஃப்ட்டுல போகச் சொல்லுங்க. … கம்ப்ளெயின்ட் எழுதுங்க, நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். என் பொண்ணு லைன்ல இருக்கா டாக்டர். கதவ மூட முடியாது. … உன்ன சொல்லலம்மா. எலும்பு டாக்டரம்மா வந்திருக்காங்க. பக்கத்து லிஃப்ட்டுல கூட்டமாம், ஏழு மாடி நடந்து ஏறி வந்திருக்காங்க, மூச்சு வாங்குது. நீ எறங்கு. எத்தனாவது மாடி அது? … நாலு. கைப்பிடியப் புடிச்சுக்கோ. மெதுவா.

… மூணு வந்துட்டியா? அந்த வீட்டு வாசல்ல என்ன இருக்கு? … மூணு சக்கர சைக்கிளா. … ஒரு சக்கரம் இல்லையா? அப்ப அது ரெண்டு சக்கர சைக்கிள்தானே. … இப்ப சிரிச்சியா, மூக்க உறிஞ்சினியா? … ரெண்டுமா. சரி.

என்ன? … எப்படி மூஞ்சிய காட்டுவன்னா? யாருகிட்ட? … இந்த லிஃப்ட்டுல வரவங்ககிட்டயா. … ஆமா, எல்லாருகிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன். இன்னிக்குக் காலையிலகூட வார்டு வார்டா தம்பட்டம் அடிச்சிருக்கேன். கேப்பாங்க. ஒரு வாரம் கேப்பாங்க. நான் சொல்றேன். கேட்டுட்டு அவங்க அவங்க மாடி வந்ததும் எறங்கிப் போயிடுவாங்கம்மா. ஒரு நாளைக்கு முன்னூறு பேர ஏத்தி எறக்குறேன், ஒருத்தராவது எறங்காம என்கூடவே சுத்தியிருக்காங்களா?

… அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். … திட்ட மாட்டா. திட்டினா என்னதான் திட்டுவா, எனக்கென்ன புதுசா.

… எனக்கு வருத்தமான்னா கேக்குற? … வருத்தம்தான். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷமா நீ காலை நீட்டிப் படுத்துத் தூங்கி நான் பாத்ததில்ல. அத்தனையும் உனக்குத் தெரிஞ்சிருக்கு, இதோ என் கையில இருக்கு, டிக் டிக்கா. இத வெச்சுக்கிட்டு நான் அழத்தான் போறேன். நீயும் அழு. ஆனா கீழ வந்து அழு. … எறங்கு.

… ஏன் நின்னுட்ட? … முடியலையா? அப்ப உக்காரு படியில. அவசரமில்ல. நானும் உக்காந்துதான் இருக்கேன்.

டாக்டர், ஒரு சந்தேகம். … ஆமா, வழக்கம் போலதான். பழுப்பு நிறத்துல கடல்ல ஒரு பாசி இருக்காமே, அதுக்கு அந்த நிறம் எதனால வருது? நாலு பதில் குடுத்திருக்கான், படிக்கறேன், ஏ… … கேட்டியாம்மா? டாக்டரம்மா முழிக்கறாங்க. … சத்தியமா. பதினேழு வருஷமா எலும்பு ஒட்ட வெக்கறவங்க, ஞாபகமே இல்லங்கறாங்க. உள்ள போயி டாக்டராவே ஆனவங்களுக்கு அந்த அறுபத்திரெண்டு தெரியலடி. … அவங்க கோவமெல்லாம் போயிடுச்சு. என் பக்கத்துல தரையில உக்காந்துட்டாங்க, அந்த வெள்ளக் கோட்டோட.

… அடுத்த வருஷமா? … இப்ப அத எதுக்கு இழுக்குற. எழுதுவியோ, எழுத மாட்டியோ, வேற ஏதாவது படிப்பியோ, அதெல்லாம் நாளைக்கு. இன்னிக்கு ஒரே கேள்விதான், கீழ வந்துட்டியா இல்லையா. … எழுந்திரு. … ஆங். … ரெண்டு. … ஒண்ணு. … இன்னும் எத்தன படி? … சித்தி வீட்டு வாசலா? மணிய அடி. அழுத்தி அடி. … ஃபோன அவகிட்ட குடு. நீ பக்கத்துலயே நில்லு.

ஏம்மா, நான்தான். … இல்ல, ஒண்ணும் ஆகல. பிள்ளைகிட்ட எதுவும் கேக்காத. பரீட்சை போயிடுச்சு. … ஆமா. … அவ மொட்டை மாடியில நின்னா, தனியா. … புரிஞ்சுதா? … அழாத, அவ பாக்குறா. மாடிக்கதவு சாவி உன்கிட்ட தானே? பூட்டி சாவிய எடுத்து வெச்சுக்கோ. அவ பக்கத்துல உக்காரு. கையப் புடிச்சுக்கோ, விடாத. சமையல் கிடக்கட்டும். நான் இப்பவே கெளம்பறேன், ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். … குடு அவகிட்ட.

கண்ணு. … வரேன். கேள்வி எதுவும் கேக்க மாட்டேன். சும்மா உன் பக்கத்துல உக்காந்திருப்பேன். … ட்யூட்டியா? டாக்டரம்மா போகச் சொல்லிட்டாங்க. லிஃப்ட்ட அவங்களே பாத்துக்குவாங்களாம். ஆறாவது மாடியில கதவு இழுக்கும், ஒரு தட்டு தட்டணும், அது அவங்களுக்கு எங்க தெரியும்…

இரு, ஒரு விஷயம். நான் கீழ போகணும்ல. படியில எறங்கினா என் முட்டிக்கு அரை மணி ஆகும். இந்தக் கதவ மூடியாகணும். மூடினா லைன் போயிடும். நான் வெச்சுட்டேன்னு நெனைக்காத. … நடுவுல எங்கயும் நிறுத்தாம போனா ஒம்பதுலேர்ந்து கீழ வரைக்கும் நாப்பது செகண்ட். இருவத்திரெண்டு வருஷமா எண்ணியிருக்கேன், மாறினதே இல்ல. நீ நாப்பது வரைக்கும் எண்ணு. நாப்பத்தொண்ணுல உன் ஃபோன் அடிக்கும். … சத்தமா எண்ணு, சித்திக்கும் கேக்கட்டும். ஒண்ணையும் விட்டுடாத. …

இல்ல. விட்டாலும் பரவால்லம்மா. ஒண்ணு ரெண்டு விட்டுப் போனாலும் பரவால்ல. நீ பாட்டுக்கு எண்ணிட்டே இரு, நான் கீழ வந்து கூப்பிடுவேன்.

ஸ்டூல எடுக்குறேன். … ஆரம்பி. … ஆங், ஒண்ணு. … ரெண்டு. … கேக்குது, சொல்லு. … மூணு. … நா…