மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கை

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தொலைக்காட்சி நிலைய மேலாளர் அவர்களே, அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் பதைப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

ஒரு குழந்தையைக் காப்பாற்றிய காட்சிக்காக எனக்கு இந்த விருது என்கிறார்கள். காட்டியது என் கேமரா. காப்பாற்றியது யார்?

செய்திப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்தாலும் கேமராவை நிறுத்தாமல் மனதுக்குள் பத்து எண்ணுவோம். எங்கள் எடிட்டர், பட்டப்பெயர் 'கத்தரி', தினமும் கடிந்துகொள்வார்: "ஏன்க்கா, எத்தனை நாளைக்கு வெறும் சுவரையே பார்க்கிறது? கண்ணு பூத்துப்போச்சு!" சிரிக்கிறீர்களா? அந்த ஒரு நாள் எடுத்த சுவரைப் பார்த்து மட்டும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

நண்பகல். அடுக்குமாடிக் கட்டடத்தில் எரிவாயுக் கசிவு. எல்லோரும் வெளியேறியாயிற்று என்றார் தீயணைப்பு அதிகாரி. ஆளற்ற சுவரைப் படமெடுத்தபடி எண்ணினேன். எட்டு... ஒன்பது... மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடியில், உள்ளிருந்து ஒரு கை பதிந்தது! கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன், கை இல்லை. கேமராவில் பார்த்தேன், இருந்தது.

"சார், மூணாவது மாடியில ஆள் இருக்கு!"

"தலை எண்ணியாச்சும்மா. நிழலைப் பார்த்து மிரளாதீங்க."

கூட்டத்தில் நின்ற ஒரு தாய் சட்டென்று கணவரிடம் திரும்பினாள். "மூணாவது மாடியா? பையன் உங்ககூடத்தானே வந்தான்?"

"என்னடி சொல்ற? நீ தூக்கிட்டு வந்துட்டேன்னுல்ல நினைச்சேன்!"

கதவை உடைத்தார்கள். மயங்கிக் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். கண் விழித்ததும் கேட்டேன், "ஜன்னல்ல கை வெச்சுக் கூப்பிட்டியா, தங்கம்?"

"இல்ல ஆன்ட்டி. கட்டிலுக்கு அடியில தூங்கிட்டேன். ஜன்னல் எனக்கு எட்டாது."

ஏன் தாயே, பிள்ளையை இறுக்கிக் கொள்கிறீர்கள்? நானும் அப்படித்தான் கேமராவை இறுக்கிக்கொண்டேன். அதை மீண்டும் அந்த ஜன்னலுக்குத் திருப்பினேன். அந்தக் கை அங்கேயே இருந்தது. மீண்டும் ஏறினார்கள். அறை அறையாய்த் தேடினார்கள். ஒருவருமில்லை.

யார் கை அது? எவர் கை அது? அறியேன்! ஆனால் ஒன்று அறிவேன். 'அவரோடு இருப்பான்' என்று அவளும், 'அவளோடு இருப்பான்' என்று அவரும் நம்பிய அந்த ஒரு நொடியில், ஏதோ ஒன்று அவனை எண்ணிக்கொண்டிருந்தது. ஆகவே எண்ணுங்கள்! எண்ணி முடித்தாலும் திரும்பிப் பாருங்கள்! பார்த்த பின்னும் ஒருமுறை பாருங்கள்!

செவிமடுத்த உங்களுக்கும், இன்றுவரை முகம் காட்டாத அந்தக் கைக்கும், என் நன்றி. வணக்கம்.